ஆகாயத்தில் ஒரு பீரோ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு முட்டாள்.

அடக்கத்தில் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது ஒரு செய்தியும் அல்ல. ஸ்கூட்டரை மார்க்கெட்டில் நிறுத்திவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, வாசலில் ஸ்கூட்டரைக் காணோம் என்று போலீஸ் ஸ்டேஷன் வரை போனவன் நான். அதைப் படித்துவிட்டுச் சிரித்தவர்கள்தானே நீங்கள்? ஆனால் இந்த முறை செய்தது அந்த ரகம் இல்லை. கொஞ்சம் உயர்ந்த ரகம். கம்ப்யூட்டர் ரகம்.

வீட்டுப் பீரோவின் சாவியைத் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் யாராவது கொடுப்பார்களா? நான் கொடுத்தேன். சும்மா இல்லை... கூப்பிட்டு உட்காரவைத்து, காபி போட்டுக் கொடுத்து, அப்புறம் கொடுத்தேன்.

பீரோ என்றால் மரத்திலோ இரும்பிலோ செய்தது இல்லை. இது இன்டர்நெட் பீரோ. எங்கோ ஒரு தேசத்தில் ஒரு கம்பெனிக்காரன் பெரிய பெரிய கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு, "உங்கள் சாமான்களை எங்களிடம் வையுங்கள், காசு வேண்டாம்" என்கிறான். போட்டோ, கடிதம், எதுவானாலும் கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றி அங்கே ஏற்றிவிடலாம். ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்ட். அந்த இரண்டும் தெரிந்தால் போதும். பாளையங்கோட்டையில் வைத்ததை அமெரிக்காவில் எடுத்துப் பார்க்கலாம். இடம் மட்டும் அளவாகத்தான் தருவான். நம்ம வீட்டுப் பீரோவில் பெண்கள் 'என் தட்டு' என்று சொல்வார்களே, அந்த ஒரு தட்டு அளவுக்கு.

எனக்கு எதற்கு அது? சொல்கிறேன்.

என் மனைவி சிவகாமி, மகள் மீனாவின் பிரசவத்துக்காக அமெரிக்கா போயிருக்கிறாள். நானும் போயிருக்கலாம். எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, "நான் அங்கன வந்து என்ன செய்ய? பிள்ளையா பெறப் போறேன்?" என்று ஒரு ஜோக் அடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் எனக்கு டிக்கெட் போடாமல் விட்டுவிட்டார்கள். ஜோக் அடிப்பதில் உள்ள ஆபத்து இதுதான். சில பேர் நம்பிவிடுகிறார்கள்.

பேரன் பிறந்தான். போட்டோவைத் தபாலில் அனுப்பினால் அது வந்து சேர்வதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும் என்று மாப்பிள்ளை இந்த பீரோவை ஏற்பாடு செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினார்.

"மாமா, பாஸ்வேர்ட் ஒண்ணு வேணும். உங்களுக்கு மறக்காத, வேற யாருக்கும் தெரியாத ஒரு வார்த்தை சொல்லுங்க."

அந்தப் பக்கம் அவர் காசில் ஐ.எஸ்.டி. ஓடிக்கொண்டிருக்கிறது. பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"பவுனு."

மாப்பிள்ளை அதைச் சத்தமாகத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

"அது என்ன மாமா?"

"சும்மா... ஒரு வார்த்தை."

பின்னாலிருந்து என் மனைவி "ஐயோ!" என்று சொன்னது கடல்களைத் தாண்டி மிகத் தெளிவாகக் கேட்டது. வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது நான் அவளைக் கூப்பிடுகிற பெயர் அது. இப்போது மாப்பிள்ளை அதைத் தினமும் டைப் அடிக்கிறார்.

என் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. எங்கள் ஊர் வண்ணாரப்பேட்டையில் ரோஸ்லின் டீச்சரின் பிரௌசிங் சென்டர்தான் எனக்கு. போன வருஷம் வரைக்கும் அது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். மெஷின்களை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர்களை வைத்திருக்கிறார். ஒரு மூலையில் எஸ்.டி.டி. பூத், இன்னொரு மூலையில் ஸ்கேனர். எல்லாம் மாறினாலும் டீச்சர் மாறவில்லை. முதுகு வளைந்தால் பின்னால் வந்து ஸ்கேலால் ஒரு தட்டு தட்டுவார். ஓய்வு பெற்றவன், வாராவாரம் பத்திரிகையில் எழுதுகிறவன் என்ற சலுகையெல்லாம் அங்கே கிடையாது.

முதல் போட்டோ வந்த அன்றைக்கு நான் ஜரிகை வேட்டி கட்டிக்கொண்டு போயிருந்தேன். இந்த மோடம் இருக்கிறதே... அது கோயில் தேர் மாதிரி. இழுத்தால் ஒரு அடி நகரும், நின்றுவிடும். போட்டோ மேலிருந்து கீழாக ஒவ்வொரு கோடாக வருகிறது. முதலில் ஒரு துண்டு. அப்புறம் உச்சந்தலை. வழுவழுவென்று, ஒரு முடி இல்லை.

"பிள்ளை அப்படியே உங்களை மாதிரிதான் சார்" என்றார் டீச்சர்.

"இன்னும் மூஞ்சியே வரலையே டீச்சர்?"

"வந்த வரைக்கும் சொல்லுதேன்."

மூக்கு வருகிற நேரத்தில் கரண்ட் போயிற்று. பேரனின் வாயைப் பார்க்க மறுநாள் வரை காத்திருந்தேன்.

போட்டோ பார்த்துவிட்டு நானும் ஒரு ஃபைல் எழுதி பீரோவில் வைப்பேன். சிவகாமிக்கு. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். "இன்று நானே சாம்பார் வைத்தேன். வாசனை பிடித்த பக்கத்து வீட்டு நாய் ஊரை விட்டே போய்விட்டது." இந்த மாதிரி. சாம்பாரும் வைக்கவில்லை, பக்கத்து வீட்டில் நாயும் இல்லை. எல்லாம் ஜோக். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: 'நான் நன்றாக இருக்கிறேன்.'

அதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஜோக்.

சிவகாமி போன பிறகுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. இத்தனை வருஷமாக எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர்கள் ஒருவர்கூட என்னைப் பார்க்க வந்தவர்கள் இல்லை! அவள் இருந்தபோது வாசல் கதவு சாத்தியே பார்த்ததில்லை. கறிவேப்பிலை கேட்டு, ஜாதகம் பார்க்க, மருமகளைப் பற்றிக் குறை சொல்ல... நான் உள்ளே உட்கார்ந்து, "நிம்மதியாக ஒரு பாரா எழுத முடிகிறதா இந்த வீட்டில்?" என்று சலித்துக்கொள்வேன். அவள் போன முதல் வாரம் சில பேர் எட்டிப் பார்த்தார்கள். "அக்கா எப்ப வருவாக?" என்று கேட்டுவிட்டு வாசல் கேட்டோடு திரும்பிவிட்டார்கள். அப்புறம் அதையும் கேட்கவில்லை.

இப்போது வேண்டிய மட்டும் நிம்மதி. பாராதான் வரமாட்டேன் என்கிறது.

காலையில் நான் பேசுகிற முதல் வார்த்தை, ஹோட்டலில் "ரெண்டு இட்லி" என்பதுதான். சில நாட்களில் அதுவே கடைசி வார்த்தையும். அதனால் சப்ளையரைப் பிடித்துவைத்துக்கொண்டு சட்னியைப் பற்றித் தேவையில்லாத கேள்விகள் கேட்பேன். இப்போதெல்லாம் அவர் என்னைக் கண்டால் வேறு மேஜைக்குப் போய்விடுகிறார். ஒரு நாள் மத்தியானம் ராங் நம்பர் வந்தது. "பெயிண்ட் கடையா?" என்றார். இல்லை என்று வைத்திருக்கலாம். "இல்லைங்க... எந்த ரூமுக்கு அடிக்கப்போறீங்க?" என்று கேட்டுவிட்டேன். பாவம், திருச்செந்தூர் பக்கத்து மனிதர். உப்புக் காற்றில் சுவர் பொரிந்துபோகிறதாம். ரொம்ப நேரம் பேசினோம். கடைசியில் அவரே, "சரி சார், கடைக்குப் பேசணும்" என்று வைத்துவிட்டார்.

இந்த நிலையில்தான் இசக்கி அண்ணாச்சி வந்தார்.

அடுத்த தெருவில் அரிசிக்கடை வைத்திருப்பவர். என் வயதுதான், குரல் மட்டும் மூன்று பேருக்கு உள்ளது. வாசலிலிருந்தே தொடங்கிவிட்டார்.

"வே எழுத்தாளரே! உம்மட்ட ஆகாசத்துல ஒரு பீரோ இருக்காமே?"

"யாரு சொன்னா?"

"ரோஸ்லின் டீச்சர்தான். நம்ம மூத்த பயலுக்குப் பம்பாய்ல ஒரு எடம் வந்திருக்கு. ஜாதகமும் போட்டோவும் உடனே பாக்கணுங்காக. தபால்ல போட்டா பொண்ணுக்கு வயசாயிரும்வே. உம்ம பீரோவுல ஒரு ஓரமா வச்சா அவுக அங்கன எடுத்துக்கிடுவாகள்லா?"

"எடுக்கலாம்... ஆனா அவுகளுக்குப் பாஸ்வேர்ட் சொல்லணும்."

"சொல்லும்."

தயங்கினேன். அதற்குள் அண்ணாச்சி உள்ளே வந்து ஹாலில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த நாற்காலி கிறீச்சென்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்தேன். மேலே ஃபேனைப் போட்டேன். காபி போட உள்ளே போனேன். காபியோடு பாஸ்வேர்டையும் கொடுத்தேன்.

"பவுனா? என்னவே இது, நகைக்கடை கணக்கா?"

"ஆமா... அப்படித்தான்."

காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது எதுல போட்டது?" என்று கேட்டார். ஆனால் முழுவதும் குடித்தார்.

அன்று சாயங்காலம் டீச்சரிடம் ஜாதகத்தை ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டோம். பிறகு அண்ணாச்சி எஸ்.டி.டி. பூத்துக்குள் போய், பம்பாயில் அந்த இடத்தைச் சொன்ன சொந்தக்காரப் பையனுக்குப் பேசினார். பூத்தின் கண்ணாடிக் கதவு எதற்கு? அந்தக் குரலுக்கு முன்னால் கண்ணாடி என்ன செய்யும்?

"பவுனு! ப... வு... னு! ஏலே, நகை இல்லலே, பாஸ்வேர்டு! நம்ம எழுத்தாளர் பீரோவுக்கு!"

சென்டரில் இருந்த அத்தனை தலைகளும் நிமிர்ந்தன. ரோஸ்லின் டீச்சர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து என் வீட்டு வாசலில் செருப்புகள்.

ஒருவருக்கு முழங்கால் எக்ஸ்ரே, சென்னையில் இருக்கும் டாக்டர் மருமகன் பார்க்க வேண்டும். ஒருவருக்குக் களக்காட்டில் இருக்கிற நிலத்தின் வரைபடம், மஸ்கட்டில் இருக்கும் தம்பிக்கு. அப்புறம் பம்பாயிலிருந்து அண்ணாச்சி மகனுக்குப் பார்த்த பெண்ணின் ஜாதகம், கல்யாணப் பத்திரிகை, பூப்புனித நீராட்டு போட்டோ, யாரோ ஒரு பையனின் பயோடேட்டா. நான் யாருக்காவது இல்லை என்று சொன்னேனா? வந்தவர்களை எல்லாம் உட்காரவைத்தேன். பால் கூடுதலாக வாங்கினேன். வந்த காரியம் முடிந்த பிறகும் அவர்கள் கொஞ்ச நேரம் இருந்து பேசினார்கள். கறிவேப்பிலை கேட்டு ஒரு அம்மாள்கூட வந்தார். எங்கள் வீட்டில் இல்லை, கடைக்கு ஓடிப்போய் வாங்கிவந்து, 'வீட்டில் இருந்ததுதான்' என்று கொடுத்தேன்.

பாஸ்வேர்ட் தெரியாத ஆள் எங்கள் தெருவில் யாராவது இருந்தால் அவர் அன்றைக்கு வெளியூர் போயிருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே கோயில் கொடை நோட்டீஸ். எங்கள் பக்கத்தில் கொடை என்றால் கோயில் திருவிழா. நம்ம ஊரில் கொடையை நடத்திவிடலாம், சாமியைக்கூட சமாதானம் செய்துவிடலாம். நோட்டீஸில் யார் பெயர் முதலில் என்பதை மட்டும் யாராலும் தீர்க்க முடியாது. இங்கே உள்ளவர்கள் அச்சடிக்கும் முன் ஒரு நோட்டீஸை பீரோவில் வைத்தார்கள், பம்பாயில் இருந்துகொண்டு கோயிலுக்கு வரி கட்டுகிற நம்ம ஊர் வரிக்காரர்கள் பார்க்கட்டும் என்று. பம்பாய்க்காரர்கள் அதை எடுத்துவிட்டுத் தங்கள் பெயர் முதலில் இருக்கிற ஒன்றை வைத்தார்கள். இங்கே கீழத்தெருக்காரர்கள் மூன்றாவது ஒன்றை வைத்தார்கள். நாற்பது ஐம்பது பேர் உள்ள வரிசையில் ஆள் மாறி ஆள் மேலே ஏறி, கீழே இறங்கி... மேலத்தெருக்காரர்கள் ஸ்கேனர் முன்னால் தனியாக வரிசையில் நின்றார்கள். பரம்பரையாக நடக்கிற சண்டை, முதல் முறையாக என் பீரோவுக்குள் நடந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை. அந்த நோட்டீஸ் விஷயமாகத்தான் ஹால் நிறைய ஆள். இசக்கி அண்ணாச்சி நடுவர். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். போன் அடித்தது. மீனா.

"அப்பா, அம்மாவுக்கு விசா முடியப்போகுது. இன்னும் ஆறு மாசம் நீட்டிக்க எழுதிப் போடலாம்னு இவங்க சொல்லுதாங்க. போடுறதுன்னா நாளைக்கே போடணும். அம்மாகிட்ட கேட்டா, 'உங்கப்பாட்ட கேளு'ங்கா. என்னப்பா சொல்லுதீங்க?"

"அவ எங்க?"

"இங்கதான்... பக்கத்துலதான் நிக்கா."

இந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன சொல்ல வேண்டும்? 'அவளிடம் கொடு' என்று சொல்ல வேண்டும். அவள் போனை வாங்கியதும், 'போதும், வந்துவிடு' என்று சொல்ல வேண்டும். அவள் போன நாளிலிருந்து எனக்கு வேண்டியது அது ஒன்றுதானே?

நான் சொன்னது இது.

"தாராளமா இருக்கட்டும்மா! எனக்கென்ன கொறை? வீடு நெறைய ஆளு. சத்தம் கேக்குதா பாரு!"

சொன்னதோடு நிற்கவில்லை. போனை எடுத்து ஹாலைப் பார்த்து நீட்டிப் பிடித்தேன். அண்ணாச்சி அந்த நேரம் பார்த்து, "ஏலே, உங்க தாத்தன் பேரு என்னைக்குலே மொதல்ல வந்திருக்கு?" என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"கேக்குதுப்பா" என்றாள் மீனா. "அப்ப எழுதிப் போட்டுரலாமா?"

"போடு, போடு."

போனை வைத்துவிட்டு வந்தேன்.

"யாருவே போன்ல?" என்றார் அண்ணாச்சி.

"மக. அவ அம்மையை இன்னும் ஆறு மாசம் வச்சுக்கிடட்டுமான்னு கேக்கா."

"நீரு என்ன சொன்னீரு?"

"சரின்னுட்டேன்."

"கூறுகெட்ட மனுசன்வே நீரு" என்று சொல்லிவிட்டு நோட்டீஸ் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளையிடமிருந்து ஈ-மெயில். தங்கமான மனிதர், திட்டுவதைக்கூட விண்ணப்பம் மாதிரி எழுதுவார். 'அத்தையின் விசா பேப்பர்களை அனுப்பிவிட்டோம், மாமா. இன்னொரு விஷயம். பீரோ நிறைந்துவிட்டது. தம்பி முதன்முதலாகக் குப்புற விழுந்தான், அந்த போட்டோவை ஏற்ற இடமில்லை. உள்ளே யாருடைய முழங்கால் என்று தெரியாத ஒரு எக்ஸ்ரே இருக்கிறது. நமக்கு வேண்டாததை எடுத்துவிடலாமா? பாஸ்வேர்டையும் மாற்றிவிடுவது நல்லது.'

எனக்கு உடம்பே கூசிவிட்டது. பேரன் குப்புற விழுந்திருக்கிறான். அவனுக்கு இடமில்லாமல் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது யார்? கீழத்தெருக்காரர்கள்!

ரோஸ்லின் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள, ஒவ்வொன்றாக அழித்தேன். ஒவ்வொரு ஃபைலுக்கும் அந்தக் கம்ப்யூட்டர், 'அழிக்கத்தான் வேண்டுமா? நிச்சயமாகவா?' என்று கேட்கிறது. எனக்கு ஆச்சரியம். ஒரு முழங்கால் எக்ஸ்ரேக்கு இவ்வளவு அக்கறை! ஞாயிற்றுக்கிழமை போனில் 'போடு, போடு' என்று சொன்னேனே, அந்த வாய்க்கு இப்படி ஒரு மெஷின் இருந்திருந்தால்?

புதிய பாஸ்வேர்டை நான் அடிக்கும்போது டீச்சர் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மாப்பிள்ளைக்கு மட்டும் ஈ-மெயிலில் அனுப்பினேன். அதை இங்கே எழுதமாட்டேன். முட்டாள்தனத்துக்கும் ஒரு அளவு இருக்கிறது.

தெருவில் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. "பிள்ளை போட்டோவைவிட நோட்டீஸா பெருசு? விடும்வே" என்றார் அண்ணாச்சி. டீச்சரே அவருக்கும் தனியாக ஒரு பீரோ திறந்துகொடுத்துவிட்டார். எல்லோரும் இப்போது அதில் வைக்கிறார்கள். சண்டை அரிசிக்கடைக்கு மாறிவிட்டது. ஒரு நாள் அந்தப் பக்கம் நடந்துபோனேன். உள்ளே நல்ல சத்தம். போய் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் எனக்குத்தான் கொடுக்க எதுவும் இல்லையே? குறுக்குத்துறைப் பக்கம் போவது போல நடந்து, ஆற்றில் கால் நனைத்துவிட்டுத் திரும்பினேன்.

வீட்டில் கூடுதலாக வாங்கிய பால் திரிந்துபோயிருந்தது.

மறுநாள் பேரன் வந்தான். முதலில் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே வெள்ளை. வேறு ஒன்றும் இல்லை, வெறும் பனி. அப்புறம் தரை விரிப்பு, அதில் குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்க்கிற பயல். நல்ல கம்பீரம். கடைசியாக, படத்தின் ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு ஒரு கை. அவன் உருண்டு விழாமல் பிடிப்பதற்காக நீட்டிய கை. புடவைக்கு மேல் ஸ்வெட்டர். வளையலை ஸ்வெட்டர் கை பாதி மறைத்திருந்தது. கீழே தடித்த சாக்ஸ் போட்ட ஒரு பாதம்.

டீச்சர், "பிள்ளை என்ன அழகா தலையத் தூக்குது பாருங்க" என்றார். நான் அந்த மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாக்ஸ் போட்டால் வழுக்கும் என்று அவளிடம் யாராவது சொல்லியிருப்பார்களா?

பக்கத்தில் இன்னொரு ஃபைல் இருந்தது. பெயர் 'அம்மா'. மாப்பிள்ளை எழுதியது இல்லை. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ், இடைவெளி கண்ட இடத்தில். ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்திருக்கிறாள். திறந்தேன்.

'எல்லாம் எங்க போச்சு? ஏன் அழிச்சீக? இவுக ரெண்டு பேரும் காலைல வேலைக்குப் போயிருதாக. பிள்ளையும் ஒறங்கிருது. வெளிய எறங்க முடியல, பனி. ஒரு மனுசரோட பேச வழியில்ல. நான் தெனமும் இதத்தான் தொறந்து பாத்துக்கிட்டு இருந்தேன். இசக்கி அண்ணன் மகனுக்கு அந்தப் பம்பாய் ஜாதகம் வேண்டாம்னு சொல்லுங்க, ரெண்டுக்கும் சேராது. நோட்டீஸ்ல மேலத்தெரு பேருதான் எப்பவும் மொதல்ல வரும். அந்த முழங்காலு யாருது, செல்லம்மா மைனியோடதா? பாவம். நீங்க எழுதுனதையும் படிச்சேன். நாய் ஜோக்க ரெண்டு தடவ எழுதிருக்கீக.'

இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை படிக்கக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

பாருங்கள் வேடிக்கையை. ஒரே பீரோ. இந்தக் கதவை நான் திறந்து, 'நன்றாக இருக்கிறேன்' என்று வைக்கிறேன். அந்தக் கதவை அவள் திறந்து, ஊர்க்காரர்களின் நோட்டீஸைப் படித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறாள். போனிலும் அவள் என்றைக்காவது 'பேச ஆள் இல்லை' என்று சொன்னாளா? 'பிள்ளை சமத்து, இங்கே எல்லாம் வசதி' என்பாள். அவளும் ஜோக்தான் அடித்திருக்கிறாள். எனக்குத்தான் புரியவில்லை. 'உங்கப்பாட்ட கேளு' என்றதுகூட... அனுமதி கேட்டது என்று நினைத்துவிட்டேன். அந்த லட்சணத்தில்தான் வாராவாரம் உங்களுக்கு மனித மனத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பதில் எழுத உட்கார்ந்தேன். கை கீ-போர்டில் இருந்தது, அவ்வளவுதான்.

"என்ன சார், கைய வச்சுக்கிட்டே இருக்கீங்க?"

"என்ன எழுதன்னு தெரியல டீச்சர்."

"வாராவாரம் பத்திரிகைல ஒரு பக்கத்துக்கு எழுதுதீங்கள்லா?"

"அது ஊருக்கு டீச்சர். இது வீட்டுக்கு."

ஸ்கேல் முதுகில் விழுந்தது. "நேரா உக்காருங்க. வந்தத அடிங்க. தப்பு வந்தா அழிச்சுக்கிடலாம்."

முதலில் ஒரு ஜோக் வந்தது. அழித்தேன். அப்புறம், 'நீ அங்கே சௌகரியமாக இருந்தால்...' என்று ஒரு வரி வந்தது. அது ஜோக்கைவிட மோசம். அதையும் அழித்தேன். கடைசியில் இரண்டே வாக்கியங்கள் அடித்தேன்.

'என்னால் தனியாக இருக்க முடியவில்லை. எப்போது வருகிறாய்?'

ஏற்றுவதற்கான பட்டனை அமுக்கினேன். பாதி ஏறும்போது கரண்ட் போயிற்று.

இருட்டில் எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். கரண்ட் வந்ததும் மறுபடி அடித்தேன். ஒரு முறை அடித்ததுதானே, சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவது முறைதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் அடித்தேன். ஏறிவிட்டது.

மறுநாள் காலையில் டீச்சர் ஷட்டரைத் தூக்கும்போது நான் படியில் நின்றுகொண்டிருந்தேன். "இட்லி சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் வேறு எதுவும் கேட்காமல் முதலில் என் கம்ப்யூட்டரைத்தான் போட்டார். மோடம் கத்தியது, நின்றது, மறுபடி கத்தியது. பீரோ திறந்தது.

ஒரு ஃபைல் இருந்தது. மேலிருந்து கீழாக வரவேண்டிய அவசியம் இல்லை. ஒரே வரி, ஒரே நொடியில் வந்துவிட்டது.

'போன வாரம் கேட்டிருக்கலாம்லா?'